முன் சீட்டில் தாய்மாமன் மடி

என் வயதுக்காரர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். நாமெல்லாம் யாராவது ஒருவர் மடியில் உட்கார்ந்துதான் காரில் போயிருக்கிறோம். நமக்கென்று தனி இடம் கிடையாது. கார் என்றாலே கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி, சாவு. அதில் ஒரு பிள்ளைக்குத் தனியாக இடம் விட்டால் பின்னால் ஒரு பெரியாள் ஏற முடியாமல் போகும். மடி போதும் என்பார்கள். மடிதான் பத்திரம் என்பார்கள்.

தேனியில் ஒரு சீட் கவர் கடையில் தைக்கிறேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆட்களிடம் அதிகம் பேச மாட்டேன். மெஷின் முன்னால் குனிந்துகொண்டால் பேச வேண்டிய தேவையும் வராது. போன மாதம் ஒரு தம்பி புதுக் காரோடு வந்தார். முன் சீட்டில் அவர் மனைவி, மனைவியின் மடியில் பெண் குழந்தை. குழந்தை முன்னால் உட்காருகிற மாதிரி மெத்தென்று ஏதாவது தைத்துத் தர முடியுமா என்று கேட்டார்.

“பின்னால உக்கார வைங்க தம்பி. பிள்ளைகளுக்குன்னு தனிச் சீட்டு விக்கிறாக. அதுல வச்சு பெல்ட்டு போட்டுருங்க” என்றேன். என் பேச்சு கொஞ்சம் குழறும். இரண்டாவது தடவை சொன்ன பிறகுதான் அவருக்குப் புரிந்தது.

“பின்னால தனியா விட்டா அழுகுதுண்ணே.”

“அப்ப தங்கச்சியும் பின்னால உக்காரட்டும்.”

“முன்னால வைக்கவே கூடாதா?”

“கொஞ்சம் பெரிய பிள்ளையா இருந்து, வேற வழியே இல்லன்னாத்தான். அப்பவும் சீட்டக் கடேசி வரைக்கும் பின்னுக்குத் தள்ளிட்டு, தனியா உக்கார வச்சு, பெல்ட்டு மாட்டணும். இது கைப்பிள்ள. முன்னால இருக்க காத்துப்பை, அந்த ஏர்பேக்கு, வெடிச்சா தாங்காது. மடியில மட்டும் வேணாம் தம்பி.”

அந்தப் பெண் சிரித்துவிட்டது. “நான் கெட்டியாப் புடிச்சுக்குவேன்ணே. எம் பிள்ளைய நான் விடுவேனா?”

அளவு எடுப்பதுபோல் சீட்டுக்குள் குனிந்துகொண்டேன். அன்றைக்குச் சொல்ல வராததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் உத்தமபாளையம் பக்கத்தில் ஒரு ஊரில் இருந்தோம். தொண்ணூற்றாறோ தொண்ணூற்றேழோ, தை மாதம். நான் இரண்டாம் வகுப்பு. எனக்குக் காது குத்தவில்லை என்று அம்மா வெகுநாளாகக் குறைப்பட்டுக்கொண்டிருந்தாள். அந்த வருடம் நெல் நன்றாக விளைந்ததும் அப்பா சரி என்றார். எங்கள் குலசாமி கோயில் ஆண்டிபட்டிப் பக்கம். சொந்தக்காரர்களும் கிடாயும் பொங்கல் சாமான்களும் ஒரு வேனில் முன்னால் போவது, நாங்கள் மட்டும் வாடகைக் காரில் பின்னால் போவது என்று ஏற்பாடு.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, சின்னமனூர் மண்டியில் வாழைத்தார் சுமக்கிறவர். அவர் சட்டை எல்லாமே வாழைக்கறை பட்டுக் கறுத்திருக்கும். எந்தச் சோப்புக்கும் போகாத கறை. பக்கத்தில் போனால் பச்சைக்காய் வாசம் அடிக்கும். தெருப் பிள்ளைகள் அவர் கையில் தொங்குவோம். கையை நீட்டியபடி தெருக்கோடி வரை நடப்பார், கை தாழாது. சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்தவரை அம்மாதான் வளர்த்தாள். அம்மா ஒரு சொல் சொன்னால் அதைத் தட்டி அவர் பேசி நான் கேட்டதில்லை. எனக்குப் போட ஒரு ஜோடிக் கடுக்கன் வாங்கி, ரோஸ் தாளில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பார்க்கிறவர்களிடமெல்லாம் பிரித்துக் காட்டினார்.

எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. காது குத்துகிற பிள்ளைக்கு வீட்டு வாசலில் மாலை போட்டுவிட்டால், குத்தி முடியும் வரை பிள்ளை தாய்மாமனிடம்தான் இருக்க வேண்டும். தரையில் கால் வைக்கக் கூடாது, வேறு ஆள் தூக்கக் கூடாது. நடந்து போன காலத்தில் வந்த வழக்கமாக இருக்கும். அது காருக்குள்ளும் வந்து ஏறியது.

அந்தக் காலத்து வெள்ளைக் கார். முன் சீட்டு பெஞ்சு மாதிரி நீளமாக இருக்கும். டிரைவர், நடுவில் அப்பா, ஓரத்தில் மாமா. பின்னால் அம்மாவும் அத்தைமார்களும். மாமா என்னைத் தூக்கிக்கொண்டு கார் கதவருகே தயங்கி நின்றார்.

“அக்கா, பய பின்னால ஒன்ட்ட இருக்கட்டுமே. முன்னால இடுக்கமா இருக்கு. கோயிலுக்கிட்ட போயி நா வாங்கிக்கிறேன்.”

“போடா கூறுகெட்டவனே” என்றாள் அம்மா. “மாலை போட்ட பிள்ளைய ஒன் மடிய விட்டு எறக்குனா சாமிக்குத்தம். முன்னால உக்காரு. எந் தம்பி எப்படி வாரான்னு நாலு பேரு பாக்கட்டும்.”

“ஏறுங்கண்ணே” என்றார் டிரைவர். “தார் தூக்குற கைக்கு இந்தப் பய ஒரு கனமா?”

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்துக்கொண்டே ஏறினார்.

புது வேட்டி விறைப்பாக இருந்து தொடையை அறுத்தது. மாலையில் இருந்த ஈரம் நெஞ்சில் சில்லென்றது. பெட்ரோல் வாசமும் பத்தி வாசமும் கலந்து அடித்தது. எதிரே இரும்புப் பலகையில் ஒரு குட்டிப் பிள்ளையார், பக்கத்தில் சிவப்பு பல்பு. மாமாவின் இரண்டு கைகளும் என் வயிற்றைச் சுற்றிப் பின்னியிருந்தன.

“மூச்சு முட்டுது மாமா.”

“முட்டட்டும் மருமகனே. நாளப்பின்ன எம் மகளக் கட்டாம ஓடிட்டீன்னா? இப்பவே புடிச்சு வச்சுக்கிறேன்.”

“கல்யாணமே ஆகல, அதுக்குள்ள மகளாம்ல” என்று அப்பா சிரித்தார்.

வீரபாண்டியைத் தாண்டி, இரண்டு பக்கமும் புளியமரம் நின்ற இடத்தில், ஒரு கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ரோட்டுக்குக் குறுக்கே ஓடிவந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். அவ்வளவுதான் நடந்தது. கார் எதிலும் மோதவில்லை. கண்ணாடி உடையவில்லை. பின்னால் இருந்தவர்களுக்குச் சிராய்ப்புகூட இல்லை. கன்றுக்குட்டி தன் பாட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

எனக்கு நினைவிருப்பது மாமாவின் விரல்கள். அவை விலாவில் அழுந்தின. சதையைக் கவ்விப் பிடித்தன. பிறகு இல்லை. பிறகு இரும்பு.

தாடை உடைந்துவிட்டது. முன்பற்கள் போயின. நாக்கு பாதி அறுந்து தொங்கியதாகப் பின்னால் சொன்னார்கள். தேனியில் பார்க்க முடியாது என்று மதுரைக்குக் கொண்டுபோனார்கள். நாக்கைத் தைத்து, மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் சேர்த்துக் கம்பியால் கட்டினார்கள். வாய் திறக்கவே முடியாது. கடைவாய்ப் பக்கம் இருந்த சந்தில் அம்மா பாலாடையால் கஞ்சித் தண்ணீர் ஊற்றுவாள். கைக்குழந்தைக்கு ஊற்றுகிற அதே பாலாடை. பாதி கழுத்தில் வழியும்.

பங்குனி வெயில் வரும் வரை அப்படியே கிடந்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு நடு அறையில் கட்டில். வெட்டாமல் திரும்பி வந்த கிடா வெளியே கட்டிக் கிடந்தது. அது எப்போது பார்த்தாலும் கத்தியது. கொஞ்ச நாள் கழித்து யாருக்கோ விற்றுவிட்டார்கள்.

வாய் பேச முடியாத பிள்ளைக்குக் காதும் கேட்காது என்று பெரியவர்கள் எப்படியோ நினைத்துக்கொள்கிறார்கள். பார்க்க வந்தவர்களிடம் அம்மா சொன்னதையெல்லாம் நான் கேட்டுக்கொண்டே கிடந்தேன். முதலில், “திடீர்னு பிரேக்கு போட்டாக, பிள்ள போயி மோதிட்டான்” என்று சொன்னாள். அப்புறம் அது, “எந் தம்பி கொஞ்சம் அசந்துட்டான்” என்று ஆனது. மாசி முடிவதற்குள், “அவன் புடிக்கவே இல்ல” என்றாள். ஒருநாள் ஒரு அத்தை கேட்டாள்.

“வாழைத்தார் சுமக்குற கை. பிள்ளைய எப்படி ஆத்தா விட்டான்? குடிச்சிருந்தானோ?”

அம்மா என் போர்வையை இழுத்துவிட்டாள். பிறகு, “இருந்தாலும் இருப்பான்” என்றாள்.

மாமா குடிக்க மாட்டார். அன்றைக்கு அவர் மூச்சு என் கழுத்தில் பட்டுக்கொண்டே வந்தது. வெற்றிலை வாசம்தான் அடித்தது. கம்பி கட்டிய வாயால் அதை எப்படிச் சொல்வது?

இன்னொன்றும் உண்டு. ஆஸ்பத்திரியில் அம்மா ஈரத்துணியால் என் உடம்பைத் துடைக்கும்போது இரண்டு விலாவிலும் கன்றிப்போன தடங்களைப் பார்த்தாள். நீலமாக, நீள நீளமாக, விரல் விரலாக. துணி அந்த இடத்தில் நின்றது. தன் விரல்களை அந்தத் தடங்களின் மேல் வைத்துப் பார்த்தாள். அவள் விரலைவிடத் தடம் பெரிது. பிறகு மஞ்சள் குழைத்துப் பற்றுப் போட்டுச் சட்டையை இறக்கிவிட்டாள். நர்ஸ் என்னவென்று கேட்டதற்கு, “வண்டியில இடிச்சது” என்றாள்.

மாமா ஆஸ்பத்திரிக்கு வந்ததும் நினைவிருக்கிறது. வார்டு வாசலில் அம்மா குறுக்கே நின்றுகொண்டாள்.

“நா விடலக்கா.”

“விடலன்னா பிள்ள எப்படிடா போனான்?”

மாமா தன் கைகளைத் தூக்கிப் பார்த்தார், அதில் எழுதியிருப்பதுபோல. “எனக்கே தெரியலயேக்கா” என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் அவர் தோற்றுப்போனார் என்று இப்போது நினைக்கிறேன். டிரைவர் மேலோ கன்றுக்குட்டி மேலோ பழியைப் போட்டிருக்கலாம். நீதானே என்னை முன்னால் உட்காரச் சொன்னாய் என்று அம்மாவைக் கேட்டிருக்கலாம். அவருக்கு அது தோன்றவே இல்லை. ஆனால் அம்மாவுக்கு ஒவ்வொரு நாளும் தோன்றியிருக்கும். மாமா விட்டது உண்மை இல்லை என்றால், என்னை அந்த மடியில் ஏற்றி முன்னால் அனுப்பிய வாய் யாருடையது என்ற கேள்வி வரும். அவள் அதற்குத்தான் பயந்தாள். இதெல்லாம் இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு அம்மா சொல்வதும் மாமா சொல்வதும் இரண்டும் உண்மையாகத்தான் இருக்கும் என்று பட்டது.

கடுக்கனை ஒரு ஆளிடம் எங்களுக்குக் கொடுத்தனுப்பினார் மாமா. அம்மா வாங்கவில்லை. அதே ரோஸ் தாளில் திரும்பிப் போனது. அப்புறம் அது என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் காது குத்தவே இல்லை.

கம்பியை எடுத்த பிறகு பேச்சு வரக் கொஞ்ச நாள் ஆனது. தைத்த நாக்கு தடிமனாக வாய்க்குள் கிடந்தது. முதலில் தண்ணீர் கேட்டேன். அப்புறம் அம்மாவிடம், “மாமா விடல. புடிச்சிருந்தாக” என்றேன். குழறலாக இருந்தாலும் அவளுக்குப் புரிந்தது.

“சின்னப் பயலுக்கு என்ன தெரியும்? பேசாம படு.”

அப்பாவிடமும் சொன்னேன். அவர் நடுவில் உட்கார்ந்திருந்தவர். எல்லாம் பார்த்தவர். “விடுடா, ஒங்கம்மா மனசு தாங்காது” என்று மட்டும் சொன்னார். அதோடு அவர் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

மண்டியில் மாமாவை நிம்மதியாக விடவில்லை. தார் ஏற்றும்போதெல்லாம், “ஏலே, கெட்டியாப் புடிறா, மருமகன விட்ட மாதிரி விட்டுறாத” என்பார்களாம். விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பார்கள். பார்த்து வைத்திருந்த பெண்வீட்டார் பின்வாங்கினார்கள். மழைக்காலம் தொடங்குவதற்குள் அவர் குமுளிப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போய்விட்டார். வருடாவருடம் பொங்கலுக்கு வருகிற பிறந்த வீட்டுச் சீர் அதோடு நின்றது. பொங்கலன்று காலையில் அம்மா வாசல் பெருக்குவதற்கு வெகுநேரம் எடுத்துக்கொள்வாள். பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்குவாள்.

பள்ளிக்கூடத்தில் என்னைப் பாடம் வாசிக்கச் சொன்னால் வகுப்பே சிரிக்கும். கொஞ்ச நாளில் வாத்தியார் என்னை வாசிக்கச் சொல்வதை நிறுத்திவிட்டார். அது இன்னும் மோசமாக இருந்தது. ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் போகவில்லை என்றேன். யாரும் வற்புறுத்தவில்லை. தையல் கடையில் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்கச் சேர்த்துவிட்டார்கள். அங்கிருந்து சீட் கவர் தைக்கத் தேனிக்கு வந்தேன்.

ஒருநாள் முதலாளியின் சின்ன வேனில் முன் சீட்டில் வந்துகொண்டிருந்தேன். பின்னால் இடமில்லாததால் ரெக்சின் சுருள் ஒன்றை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தேன். பழனிசெட்டிபட்டியில் ஒரு ஆட்டோ குறுக்கே வந்தது. பிரேக். சுருள் முன் கண்ணாடியில் போய் அடித்துக் கீழே விழுந்தது. நான் விடவில்லை. என் கைகள் கட்டிப் பிடித்த வாக்கிலேயே இருந்தன. உள்ளேதான் ஒன்றும் இல்லை.

“என்னப்பா, புடிக்கலயா?” என்றார் முதலாளி.

நான் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே லீவு சொல்லிவிட்டுக் குமுளிக்குப் பஸ் ஏறினேன். மாமாவைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் ஒரு அறை. சாக்கும் ஏலக்காயும் கலந்த வாசம். ஆள் பாதியாக இளைத்திருந்தார். கையெல்லாம் எலும்பு. என் தாடைத் தழும்பைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டுகொண்டார். பால் இல்லாமல் கட்டன் சாயா போட்டுக் கொடுத்தார்.

“மாமா, அன்னைக்கி நீங்க விடல.”

அவர் சாயாவை ஊதினார்.

“வண்டி நின்னுரும், உள்ள இருக்கது நிக்காது மாமா. ஓடுன வேகத்துலயே முன்னால போகும். அதக் கையால நிப்பாட்ட முடியாது. எம்புட்டுப் பெரிய பயில்வானா இருந்தாலும் முடியாது.” ரெக்சின் சுருள் கதையைச் சொன்னேன். வாழ்நாளில் நான் தொடர்ந்து அவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான்.

முழுவதையும் கேட்டார். “ரெக்சினும் நீயும் ஒண்ணாடா மருமகனே?” என்று லேசாகச் சிரித்தார். “ஒரு நிமிசம் அசந்திருப்பேன். விட்டுட்டேன்.”

“அசரல மாமா. மூச்சு முட்டுதுன்னு நாஞ் சொன்னேன்ல? ஒங்க வெரலு விலாவுல அப்படியே பதிஞ்சு கெடந்துச்சு. அம்மாவே பாத்துச்சு.”

அவர் முகம் மாறியது. “யாரு, அக்காவா?”

“ஆமா. ஆஸ்பத்திரியில தொடச்சு விடுறப்ப.”

சாயா டம்ளரைக் கீழே வைத்தார். வெளியே யாரோ சாக்கு உதறுகிற சத்தம் கேட்டது.

“பாத்திருக்காது” என்றார். “பாத்திருந்தா அது அப்படிச் சொல்லியிருக்காது. எங்கக்கா பொய் சொல்லாதுடா. நாந்தான் விட்டுட்டேன். இந்தப் பேச்சு மதி.”

மதி என்றால் அந்தப் பக்கத்தில் போதும் என்று அர்த்தம். அதற்குமேல் நான் என்ன சொன்னாலும் அது அவருடைய அக்காவைப் பொய்க்காரி ஆக்கும். நான் எழுந்துகொண்டேன். பஸ் வரும் வரை கூடவே வந்து நின்றார். அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கிறதா என்று கேட்டார்.

நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா மொச்சைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

“எங்கடா போன, கடைக்கும் போகலயாம்?”

“மாமாவப் பாக்கப் போனேன்.”

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது. அம்மா உரிப்பதை நிறுத்தவில்லை.

“சோறு ஆரு பொங்குறா?”

“அவுகளேதான்.”

இன்னும் இரண்டு மூன்று காய் உரித்தாள். “என்ன சொன்னான்?”

“நாந்தான் விட்டுட்டேன்னு சொன்னாக.”

அம்மாவின் கை நின்றது. பாத்தியா, அவனே ஒத்துக்கிட்டான் என்று சொல்வாள் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். இத்தனை வருடம் அவள் காத்திருந்தது அந்த வார்த்தைக்காகத்தான் என்றும் நினைத்திருந்தேன்.

“பொய் சொல்றான்” என்றாள் அம்மா.

தொலியை முந்தானையில் அள்ளிக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போகவா என்று பின்னாலேயே போய்க் கேட்டேன். தொலியைக் குப்பையில் உதறிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகும் மாமா சில மழைக்காலம் உயிரோடு இருந்தார். குமுளி பஸ் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும், நாளெல்லாம் போகும். அவர் இருந்தவரை அம்மா அதில் ஏறவில்லை.